ஊதா நிற நூறு ரூபாய்

சிங்கப்பூரின் தேக்காவில் நாணய மாற்றுக் கடையில் மிஞ்சிய இந்திய நோட்டுகளை நீட்டிய நான், ஊதா நிற 100 ரூபாய் ஒன்றை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அதன் பின்புறத்தில் இருப்பது, சென்ற மாதம் குஜராத்தின் பதான் நகரில் நான் இறங்கிப் பார்த்த ராணி கி வாவ்.

11ஆம் நூற்றாண்டில் கணவர் முதலாம் பீமனின் நினைவாக அரசி உதயமதி எழுப்பிய அந்தப் படிக்கிணறு, சரஸ்வதி ஆற்று வெள்ளத்தின் வண்டலில் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்ததால்தான், அதன் சிற்பங்கள் பல இன்றும் கூர்மை மாறாமல் இருக்கின்றன.

ஒரு பெண் நனைந்த கூந்தலைப் பிழிய, சொட்டும் நீருக்காக அன்னம் ஒன்று அலகை உயர்த்தி நிற்கிறது.

குழாயைத் திருகினால் நீர் வரும் ஊரில் வளர்ந்த எனக்கு, ஒரு கிணற்றுக்கு இவ்வளவு அலங்காரமா என்றுதான் முதலில் தோன்றியது. பாதிப் படி இறங்கி, வெயில் மேலேயே தங்கிவிட, காற்று குளிர்ந்தபோது, அந்தக் கேள்வியை மறந்துபோனேன்.