மீன்தொட்டித் தண்ணீர் மாற்ற முதுகு ஒடிய வேண்டாம்

இரண்டடி தொட்டியில் சுமார் 50 லிட்டர் நிற்கும். வாரம் 15 லிட்டர் மாற்றினால் போதும். மொத்தமாகக் கொட்டிக் கழுவுவதுதான் மீனைக் கொல்லும் பழக்கம்.

முதலில் ஃபில்டர், ஹீட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். அரை இஞ்ச் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் கட்டைவிரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டிக்குள்ளும் மற்றதைக் கீழே வாளியிலும் விட்டுத் திறந்தால் தானே இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம். பாதியில் நின்றால் மேல்முனை வழியே காற்று ஏறியிருக்கும். குட்டி மீன் இருந்தால் அந்த முனையில் வலைத்துணி கட்டுங்கள். வடிந்த அந்தத் தண்ணீரிலேயே ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் நல்ல பாக்டீரியா செத்துவிடும்.

நிரப்பத்தான் வாளி தூக்கிச் சாகிறோம். ஏர்கூலருக்குப் போடும் 18 வாட் மோட்டாரை வாளிக்குள் இறக்கி டியூபைத் தொட்டியில் விடுங்கள். தொட்டிக் கல் கிளறாமலிருக்க, தண்ணீர் விழும் இடத்தில் ஒரு தட்டு வையுங்கள்.

மதுரையில் மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும்; அதைப் போக்க 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சோடியம் தயோசல்பேட் (குளோரினை முறிக்கும் உப்பு) கரைத்து, நிரப்பும் தண்ணீர் 10 லிட்டருக்கு 2 மில்லி விடுங்கள். போர் தண்ணீர் என்றால் ஓரிரவு ஏர்பம்ப் ஓடட்டும்; உப்பு அதிகமானாலும் கப்பி, மோலி தாங்கும். சித்திரை வெயிலில் மாடி டேங்க் தண்ணீரை மதியம் தொடவே கூடாது, விடியற்காலையில் பிடியுங்கள்.