வைப்பர் மெதுவானபோது: பழைய மாருதியில் டைனமோ மாற்றிய அனுபவம்

2021 ஐப்பசி கடைசி. விடாத மழை. கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு நானும் அம்மாவும் இரவு ஒன்பது மணி வாக்கில் மன்னார்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும், மூடினால் லேசில் திறக்காது. எஞ்சினை அணைக்காமல், ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, வைப்பரை ஓடவிட்டு நின்றோம்.

ஐந்து நிமிடம் இருக்கும். வைப்பர் கண்ணாடியில் பாதி தூரம் ஏறித் தயங்கியது. ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகி, அப்புறம் பழுத்த இலை நிறத்துக்கு வந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் வெளிச்சம் கொஞ்சம் கூடும், காலை எடுத்தால் குறையும். டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு முழுச் சிவப்பாக இல்லாமல், எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி மங்கலாக எரிந்தது. யோசித்துப் பார்த்தால் ஒரு மாதமாகவே அது இருட்டில் அப்படித்தான் எரிந்துகொண்டிருந்தது. பகலில் கண்ணுக்குத் தெரியவில்லை.

கேட் திறந்ததும் தண்டவாளத்தைத் தாண்டி நூறு அடி போவதற்குள் எஞ்சின் இரண்டு தடவை இழுத்து நின்றது. செல்ஃப் போட்டால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். டீக்கடையில் நின்ற இரண்டு பேர் நனைந்துகொண்டே வந்து ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார்கள். “தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாப்போமா தம்பி?” என்று கேட்டார்கள். ஸ்டார்ட் ஆகியிருக்கவும் கூடும். ஆனால் அந்த மழையில், வாய்க்கால் கரையை ஒட்டிப் போகிற ரோட்டில், விளக்கில்லாத காரை அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வண்டியை அங்கேயே பூட்டிவைத்து, கடைசிப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அந்த முடிவு சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வண்டி 1999 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. கார்புரேட்டர் எஞ்சின், ஏசி உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, இந்தக் காரை ஸ்டார்ட் செய்து வைத்துத்தான் தெருவில் பாதிப் பேர் செல்போனுக்கு சார்ஜ் போட்டார்கள். அம்மா அதை மறக்கவே மாட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நிற்காது.

நீடாமங்கலத்தில் வண்டி நின்றதற்குப் பத்து நாள் முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். தீபாவளியை ஒட்டி நான்கு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பேட்டரி சுத்தமாக டவுன். பேட்டரிக்கு நான்கு வயது ஆகியிருந்தது. கடையில் “லைஃப் முடிஞ்சிடுச்சு” என்றார்கள். பழையதைக் கொடுத்து, மேலே 3,400 ரூபாய் போட்டுப் புதிது மாட்டிக்கொண்டேன். ஓடுகிற வண்டியில் மீட்டர் வைத்து யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. புது பேட்டரி தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக் கொடுத்துப் பத்து நாள் கோளாறை மறைத்துவிட்டது. ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற வேண்டிய டைனமோவில்தான் கோளாறு.

வண்டி நின்ற மறுநாள் காலை நண்பர் ஒருவரின் சார்ஜ் ஏறிய பேட்டரியை எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் போனேன். அதை மாட்டி, விளக்கு, வைப்பர், ஃபேன் எதையும் போடாமல் ஓட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கார்புரேட்டர் வண்டியில் இது ஒரு வசதி. பெட்ரோல் பம்பு எஞ்சின் சுழற்சியிலேயே ஓடும். ஓடிக்கொண்டிருக்க இக்னிஷனுக்கு மட்டும் கரண்ட் போதும், அது மூன்று நான்கு ஆம்பியர்தான். ஹெட்லைட் இரண்டும் டிம்மில் மட்டும் 110 வாட், அதாவது ஒன்பது ஆம்பியர். வைப்பரும் பின்விளக்கும் சேர்ந்தால் 35 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரி தனியாக இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

எங்கள் ஊரில் இன்றும் எல்லோரும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். உள்ளே இருப்பது ஆல்டர்னேட்டர். நடுவில் சுழலும் ரோட்டருக்குக் அதன் வளையத்தில் உரசும் கார்பன் துண்டு வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய் அதைக் காந்தமாக்கும். சுற்றியிருக்கும் காயிலில் ஏசி கரண்ட், அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட், உண்டாகும். டயோடு தட்டு அதை ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்பும். அளவைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர். பழைய ஆட்கள் கட்டவுட் என்பார்களே, அந்த வேலைதான். இந்த வண்டியில் அது டைனமோவோடு சேர்ந்தே இருக்கிறது.

250 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். என் பேட்டரியை இரவு முழுக்க சார்ஜரில் போட்டு மாட்டி, முதலில் டைனமோவைச் சுற்றும் ஃபேன் பெல்ட்டைப் பார்த்தேன். உள்பக்கம் சின்னச் சின்ன வெடிப்பு இருந்தது, ஆனால் தளர்வில்லை, வழுக்கவில்லை. அப்புறம் பேட்டரி டெர்மினலில் மீட்டரை வைத்தேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.5 வோல்ட். ஸ்டார்ட் செய்து ஐடிலில் 12.9. கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.2. ஹெட்லைட் போட்டதும் 12.0. நன்றாக இருக்கிற டைனமோ 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும், விளக்குப் போட்டாலும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது.

இதை வைத்து உடனே டைனமோவைக் கழற்றியிருந்தால் அவசரப்பட்டதாகியிருக்கும். டைனமோ கொடுக்கிற கரண்ட் வழியில் எங்காவது தங்கிவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது, விளக்கெல்லாம் போட்டு, மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் தடித்த ஒயர் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தேன். வழியில் தொலைவது 0.15 வோல்ட். அது பரவாயில்லை. அடுத்து டைனமோ உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வைத்தேன். அரை வோல்ட்! பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் ஒயரைக் கழற்றினால், அதன் முனையிலிருக்கும் லக்குக்கு அடியில் பித்தளைக் குத்துவிளக்கில் படிகிற மாதிரி பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் செம்பு நிறம் தெரியும்வரை தேய்த்து மாட்டியதும் 0.05-க்கு இறங்கியது. சார்ஜ் அளவும் கொஞ்சம் கூடியது. ஆனாலும் 13.5-ஐத் தொடவில்லை. ஆக, எர்த்தும் கோளாறு, டைனமோவும் கோளாறு.

டயோடு தட்டைத் தாண்டி ஏசி கரண்ட் வருகிறதா என்று மீட்டரை ஏசி அளவுக்குத் திருப்பி பேட்டரியில் வைத்துப் பார்த்தபோது 26 என்று காட்டி மிரட்டியது. விலை குறைந்த மீட்டர்கள் ஏசி அளவில் டிசியையும் சேர்த்துக்கொண்டு இரட்டிப்பாகக் காட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இதைச் சொல்லித் தந்தவர் மன்னார்குடியில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன். தன் நல்ல மீட்டரை வைத்துப் பார்த்தார். 0.9 வோல்ட் ஏசி. “அரை வோல்ட்டத் தாண்டினா டயோடு போச்சுன்னு வச்சுக்கங்க தம்பி. பேட்டரி பாவம், அது என்ன பண்ணும்?” என்றார்.

வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரி ஒழுகுகிறதா என்பதையும் அவர் பார்க்கச் சொன்னார். வண்டியை அணைத்து, கதவெல்லாம் மூடி, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டர் போய்விடும். நான் பார்த்தபோது 0.38 ஆம்பியர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் குறையவில்லை. டைனமோவின் தடித்த ஒயரைப் பிரித்து வைத்ததும் 0.02. கசிகிற டயோடு வழியாக பேட்டரி ராப்பகலாக ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. நான்கு நாளைக்குக் கணக்குப் போட்டால் 36 ஆம்பியர்-அவர். தீபாவளிக்கு நின்ற வண்டி ஏன் எழுந்திருக்கவில்லை என்பதற்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. நான் கொடுத்துவிட்டு வந்த பழைய பேட்டரி நல்ல பேட்டரியாக இருந்திருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

இதற்கிடையில் தெரிந்த ஒருவர், எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்று, வண்டி நின்றுவிட்டால் டைனமோ அவுட் என்றார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். டைனமோ கொடுக்கிற மின்சாரத்தை வாங்கித் தாங்கிக்கொள்வது பேட்டரிதான். அதை ஓட்டத்தில் பிரித்தால் வோல்ட்டேஜ் சட்டென்று எகிறும். நல்ல டயோடும் ரெகுலேட்டரும் அந்த ஒரு நொடியில் போய்விடும். டயோடு இல்லாத அந்தக் கால டைனமோவுக்கு ஒத்துவந்த பழக்கம் அது.

டைனமோவைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றாமல் இந்தப் பக்கம் ஸ்பேனரே கொண்டுபோகக் கூடாது. அந்தத் தடித்த ஒயரில் எப்போதும் பேட்டரி கரண்ட் நிற்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான். பெல்ட்டை இறுக்கும் டென்ஷன் போல்ட் சுலபமாக வந்தது. டைனமோவைத் தாங்கும் நீள போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. முதல் நாள் ராத்திரியே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தும், பைப் போட்டு நீட்டிய ஸ்பேனரில் பாரத்தைக் கொடுத்துத்தான் திரும்பியது.

அண்ணன் பிரித்துக் காட்டியபோது நானே உட்கார்ந்து பார்த்தேன். காற்று போகிற துளைகளில் களிமண் அப்பிக் காய்ந்திருந்தது. அதில் பதரும் வைக்கோல் தூசியும் ஒட்டியிருந்தன. அறுப்புக் காலத்தில் ரோடெல்லாம் நெல்லும் வைக்கோலும் காய்கிற ஊர் இது. மழைக்காலத்தில் அதே ரோட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறோம். சூடு வெளியேற வழியில்லாமல் டயோடு தட்டில் ஒன்று கருகியிருந்தது. கார்பன் சுண்டுவிரல் நக அளவுக்குத் தேய்ந்திருந்தது. கார்பன் உரசுகிற செம்பு வளையத்தில் விரலால் தடவினாலே பள்ளம் தெரிந்தது. பேரிங்கைச் சுற்றினால் மணல் அரைபடுகிற சத்தம்.

டயோடு, கார்பன், பேரிங் மூன்றும் மாற்ற 1,900 ஆகும் என்றார். “ஆனா வளையம் இப்படி இருக்கையில புதுக் கார்பனையும் தின்னுடும். ஒரு வருசத்துக்கு மேல நான் சொல்ல மாட்டேன்,” என்று அவரே வேலையை வேண்டாம் என்றார். அவருக்கு வரவேண்டிய கூலியை விட்டுச் சொன்ன சொல் அது. பழையதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். பழையதைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது ஏர்கண்டிஷன் இல்லாத வண்டிக்கானது. தகட்டில் ஆம்பியர் குறைவு, பிளக்கும் சேரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட் ஓட்டை, புல்லி, பிளக், ஆம்பியர் எல்லாம் ஒத்துப்போன பிறகே வாங்கினேன். புதிது 6,200 ரூபாய், பெல்ட் தனி.

மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம். பெல்ட் இறுக்கத்தில்தான் கவனம் வேண்டும். இந்த வண்டியில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அமுங்கினால் சரி. அதிகம் இறுக்கினால் பேரிங் போகும். இன்னொன்று, தீர்ந்துபோன பேட்டரியை அப்படியே மாட்டிப் புது டைனமோவை அதோடு மல்லுக்கட்ட விடக் கூடாது. சார்ஜரில் நிரப்பி மாட்டினேன்.

ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி விளக்கு முழுசாக அணைந்தது. கையைக் குவித்து வெயிலை மறைத்தும் பார்த்தேன், துளி வெளிச்சம் இல்லை. ஐடிலில் 14.2. ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் போட்டு 13.7. அணைத்த பிறகு கசிவு 0.02. ஒரு வாரம் கழித்துப் புது பெல்ட் கொஞ்சம் நீண்டிருந்தது, மறுபடி இறுக்கினேன்.

கார்த்திகையில் அம்மாவோடு திரும்பவும் கும்பகோணம் போய்வந்தேன். வரும்போது அதே கேட், அதே மழை, முன்னால் ஒரு நெல் லாரி. சரக்கு வண்டி போய் முடிய வெகுநேரமாயிற்று. அம்மா வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நிக்கலடா,” என்றார்.