திருப்பிச் சொல்லுடா

நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளைக்காரர்கள் மலருக்கு எழுதச் சொல்லி மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்கள். "பைலட்டா இருந்திருக்கீங்க, வானத்துல பார்த்ததை எழுதுங்க சார்" என்கிறார்கள். வானத்தில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. மேகம், அதை விட்டால் மீட்டர். 39 வருஷம் நான் பார்த்த வேலையில் முக்கால்வாசி காதும் வாயும்தான். அதைப் படித்தது நம் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்பில், மழைக்கு ஒழுகும் அந்த ஓட்டுக் கொட்டகையில்.

1960களில் படித்தவர்களுக்குக் கணக்கு வாத்தியாரின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிறவன் தப்பு விட்டால் அடி அவனுக்கு இல்லை, அதைக் கவனிக்காத பக்கத்துப் பையனுக்கு. "அவன் மனுஷன், தப்பு பண்ணத்தான் செய்வான். நீ என்னத்துக்குடா ஒக்காந்திருக்கே?" எனக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏழு வராது. நூற்றுப் பன்னிரண்டை நூற்றுப் பத்து என்பேன். அந்தப் பாவத்துக்குக் கை வீங்கியவன் இப்போது திருவாரூரில் உரக்கடை வைத்திருக்கிறான். பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தபோதுகூடச் சொல்லிக் காட்டினான்.

வீட்டிலும் இதே கதை. அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறதே, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிற இடம், அங்கே வேலை. மதகை ஏற்றி இறக்குவதோடு, காலையில் அளவுகோலைப் பார்த்து ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும். "மூணடி எட்டு" என்று கத்துவார். அந்த முனையில் ஆள் அதையே திருப்பிச் சொன்னால்தான் போனை வைப்பார். "அவன் மாத்தி எழுதிட்டா கடைமடைக்காரன் வயித்துல அடிச்ச மாதிரிடா" என்பார்.

கும்பகோணம் அரசு கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து மெட்ராஸில் பறக்கக் கற்றுக்கொண்டேன். அம்மா வழியில் வந்த ஆறு மா நிலம் அதில் போயிற்று. ஒரு நேர்காணலில் என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தார்கள்; வேறொரு இடத்தில் சிரிக்காமல் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

ரேடியோ இங்கிலீஷ் தனி பாஷை. ஒன்பதை 'நைனர்' என்போம், இரைச்சலில் ஐந்தாகக் கேட்டுவிடக் கூடாதே என்று. கீழே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் உயரம், திசை எது சொன்னாலும் அதை அப்படியே ஒப்பிக்க வேண்டும். சும்மா 'ரோஜர்', அதாவது 'கேட்டுக்கொண்டேன்', என்றால் செல்லாது. நாம் தப்பாக ஒப்பித்தால் அவர் திருத்துவார். பக்கத்து சீட்டில் இருப்பவரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

1979இல் ஆவ்ரோ விமானத்தில் நான் துணை விமானி. ராத்திரி, நல்ல மழை. 'எட்டாயிரத்துக்கு இறங்கு' என்று வந்தது. நான் ஒப்பித்தேன். கேப்டன் த்ராட்டில் மேல் கையை வைத்தார், ஆனால் இழுக்கவில்லை, என்னைப் பார்த்தார். அதற்குள் கீழேயிருந்து 'நெகட்டிவ்', அதாவது 'தப்பு'. உத்தரவு எங்களுக்கு இல்லை. எங்கள் எண்ணைப் போலவே ஒலிக்கும் எண்ணில் இன்னொரு விமானம் கீழே போய்க்கொண்டிருந்தது. கேப்டன் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் உள்ளங்கை எரிந்தது.

1996 நவம்பர் 12இல் டெல்லிக்குப் பக்கத்தில் சர்கி தாத்ரியில் நடந்தது எங்கள் தலைமுறை விமானிகளுக்கு மறக்காது. இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்குக் கொடுத்த உயரம் 15,000 அடி. எதிரே ஏறி வந்த சவூதி ஜம்போவுக்கு 14,000. கஜகஸ்தான் விமானத்தில் ரேடியோவில் இங்கிலீஷ் பேச ஒரு ஆள், ஓட்ட வேறு ஆட்கள். ஒப்பித்த வாய் ஒன்று, ஓட்டிய கை ஒன்று. 15,000இல் நிற்காமல் இறங்கிவிட்டார்கள். இரண்டு விமானத்திலும் சேர்த்து 349 பேர், ஒருவர்கூட மிஞ்சவில்லை.

பிறகு போயிங் 737, அப்புறம் ஏர்பஸ் ஏ320. ஏர்பஸ்ஸில் ஆளுக்கொரு சின்னக் கைப்பிடி. நான் அசைத்தால் அடுத்தவருடையது அசையாது. அதனால் 'இப்போது ஓட்டுவது நான்' என்பதைக்கூட ஒருவர் சொல்லி மற்றவர் ஒப்பிக்க வேண்டும். 65 வயதில் லைசென்சை மடித்து வைக்கும்வரை இதே பாட்டுத்தான்.

ஆவ்ரோ காலத்தில் அப்பாவை ஒரு தடவை மெட்ராஸிலிருந்து திருச்சிக்கு ஏற்றிக்கொண்டேன். அப்போதெல்லாம் காக்பிட் கதவுக்கு இத்தனை கெடுபிடி இல்லை. கேப்டன் கூப்பிட்டு எங்களுக்குப் பின்னால் உட்கார வைத்தார். ஆடி மாசம். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மேற்கே பார்த்து இறங்கும்போது கல்லணை வலது கைப்பக்கம் வரும், அதாவது துணை விமானியின் ஜன்னலில். (கேப்டனாகி இடது சீட்டுக்கு மாறியதில் எனக்கு உள்ள ஒரே வருத்தம் இதுதான்.) காவிரி, வெண்ணாறு, புது ஆறு மூன்றும் செந்தண்ணீரோடு பிரிந்து போவதை அப்பா எட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து ஸ்பீக்கரையும் என் வாயையுமே கவனித்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வெளியே வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்டார்: "கீழேருந்து அவன் சொல்றதைத்தானே நீயும் திருப்பிச் சொல்றே? இதுக்காடா ஆறு மாவை வித்தோம்?"