நாற்பத்தொன்பது வயதில் ஒரு வெற்றி

பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜேமி மோயரைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை. 2012 ஏப்ரல் 17 அன்று டென்வரில், கொலராடோ ராக்கீஸ் அணிக்காக ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஏழு இன்னிங்ஸ் வீசி சான் டியாகோவை 5-3 என்று வென்றார். வயது 49. அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீகில் அவரைவிட அதிக வயதில் வேறு எந்த பிட்சரும் ஓர் ஆட்டத்தை ஜெயித்ததில்லை.

அன்று அவர் வீசிய ஒரு பந்துகூட மணிக்கு 80 மைலைத் தொடவில்லை! அவர் 1986-ல் சிகாகோ கப்ஸ் அணியில் அறிமுகமானபோது, இந்த எதிரணி வீரர்களில் பலர் சின்னக் குழந்தைகள். அவர்களுடைய அவசரம்தான் இவருக்கு ஆயுதம்: கை அதே வேகத்தில் சுழலும், பந்து மட்டும் மெதுவாக வரும், பேட்டர் முன்கூட்டியே மட்டையை வீசிவிட்டுத் திகைத்து நிற்பார்.

1992-ல் மேஜர் லீகில் இடமே இல்லை. கப்ஸ் அணி பயிற்சியாளர் வேலை தருவதாகச் சொன்னது, மறுத்துவிட்டு அதற்குக் கீழ்நிலையான மைனர் லீகில் விளையாடப் போனார். சரி, பிடிவாதம் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் 2001-ல் 20 வெற்றி, 2003-ல் நாற்பது வயதில் 21 வெற்றி, எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

முழங்கை அறுவை சிகிச்சையால் 2011 முழுக்க விளையாடவில்லை. "இளைஞர்களுக்கு வழிவிட வேண்டாமா" என்று கேட்பவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. யாரும் அவருக்கு இடம் ஒதுக்கித் தரவில்லை, பயிற்சி முகாமில் அந்த இளைஞர்களோடு போட்டி போட்டுத்தான் 2012 அணிக்குள் வந்தார்.

சில வாரங்களில் ராக்கீஸ் அவரை விடுவித்தது. அப்புறமும் ஓரியோல்ஸ், டொராண்டோ அணிகளின் மைனர் லீகில் போய் வீசினார்.