இரண்டு பேர், ஒரு தறி

பவானியில் இன்னிக்கு ஒரு அகல ஜமக்காளத் தறி. தரையில் குழி வெட்டி அமைத்த குழித்தறியில் இரண்டு பேர். ஒருவர் தள்ளும் நாடாவை (நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கருவி) மற்றவர் வாங்கித் திருப்பிவிடுகிறார்.

வங்கதேசத்தில் மெல்லிய பூவேலைச் சேலை நெய்யும் ஜாம்தானித் தறியிலும் இப்படித்தான், ஆசானும் சீடனும் சேர்ந்து உட்காருவார்கள்.

2013-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த நெசவு அது. குறுக்கே ஓடும் ஊடை நூலோடு கூடுதல் நூலைச் சிறு மூங்கில் ஊசியால் கோத்து, ஒவ்வொரு பூவையும் கையாலேயே எழுப்புகிறார்கள். காற்று வறண்டால் மெல்லிய இழை அறுந்துபோகும். அதனால்தான் ஆற்றங்கரை ஈரம் அவ்வளவு முக்கியம்.

இரண்டு நாட்டுக்கும் பண்பாட்டுப் பரிமாற்றம்னு ஒரு மாலை மேடை நிகழ்ச்சி போதாதுங்க. நெசவாளர்களையே அனுப்போணும். ஒரு சேலை முடிகிறவரை சேர்ந்து உட்காரட்டும்.

இங்கிருந்து போகிறவர் முதலில் ஊடையை அடிக்கிற அடியை மென்மையாக்கப் பழகோணும். ஜமக்காளத்தில் பாவு (நெடுக்கு நூல்) தெரியாதபடி ஊடையை இறுக்கி அடித்த கை, அங்கே துணியின் மெல்லிய இடைவெளியை அடைத்துவிடும்.