விளிம்பில் இருந்த எண்

மாமா ஒருவர் பழைய நாணயங்கள் சேர்த்து வந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தத் தகரப்பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே நாணயங்களோடு ஒரு வெள்ளிப் பதக்கமும் கிடந்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் குதிரைமேல் துணியில்லாத ஒரு வீரன், கூடவே 1914, 1918 என்ற ஆண்டுகள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். முதல் உலகப் போர் முடிந்தபின் 60 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள், அதனால் அபூர்வம் ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலானவற்றின் விளிம்பில் அதைப் பெற்றவரின் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் பொறித்திருக்கும். என் கையில் இருந்தவர் ஸ்மித் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு சாதாரணமான பெயர்தான்.

எண் நான்கு இலக்கம், தெளிவாக இருந்தது. ரெஜிமென்டின் சுருக்கெழுத்து மட்டும் மழுங்கிப் போயிருந்தது. யாரோ பல வருடங்கள் பளபளப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். பெயரும் எண்ணும் பொருந்தினால் போதாதா என்று தேட ஆரம்பித்தேன். ஒருவர் கிடைத்தார். பிரான்சில் இறந்தவர், கல்லறை எண் உட்பட எல்லாம் இருந்தது. மூன்று மாதம் அந்த மனிதரோடு வாழ்ந்தேன் என்றே சொல்லலாம்.

அவர் வேறு ஆள். 1920 வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் எண் என்பது ஆளுக்கு ஒன்று அல்ல. ஒவ்வொரு ரெஜிமென்டும் தன் போக்கில் எண் கொடுத்தது, பல இடங்களில் அதன் உட்பிரிவான பட்டாலியன்கூடத் தனியாகக் கொடுத்தது. ஒரே எண்ணோடு பத்து ஸ்மித்துகள் இருந்தாலும் ஆச்சரியமில்லை. இதை முதல் நாளே படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரி ஒரு லென்ஸ் வாங்கி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தேய்ந்த எழுத்துகளின் நிழல் தெரிந்தது. முற்றிலும் வேறு ரெஜிமென்ட்.

சரி, மறுபடி முதலிலிருந்து. யாருக்கு எந்தப் பதக்கம் என்று குறித்த பதக்க அட்டவணை அட்டைகளின் பிரதிகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ (போர் அலுவலகம்) 372 என்ற வரிசையில் இருக்கின்றன. சரியான ஸ்மித்தின் அட்டையில் இரண்டு எண்கள் இருந்தன. 1917இல் பகுதிநேரத் தொண்டர்களைக் கொண்டு உருவான பிராந்தியப் படையினருக்குப் புதிதாக ஆறு இலக்க எண் கொடுத்தார்கள், அதுதான் காரணம். அந்த ஆறு இலக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. அதற்குமேல் குழப்பிக்கொள்ள வாய்ப்புக் குறைவு.

அப்புறம் அவருடைய பணிக்கோப்பு. அது இல்லை. 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருவில் இருந்த கிடங்கில் குண்டு விழுந்து, சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துவிட்டன. தப்பியவை டபிள்யூஓ 363. ஆய்வாளர்கள் 'எரிந்த ஆவணங்கள்' என்றே அதைச் சொல்வார்கள். ஓரம் கருகி, தீயணைத்த தண்ணீரில் மை ஊறிய பக்கங்கள். ஒருவர் கோப்பில் இன்னொருவரின் தாள் நுழைந்திருப்பதும் உண்டு, அதனால் அக்கம்பக்கத்து ஸ்மித்துகளையும் புரட்டினேன். பயனில்லை. அமெரிக்கர்களுக்கும் இதே கதைதான்: 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸில் பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின.

கோப்பு போனாலும் ஆள் முழுவதுமாகப் போய்விடுவதில்லை, ஏனென்றால் ராணுவம் ஒரே விஷயத்தை நாலு இடத்தில் எழுதி வைக்கும். பதக்கப் பட்டியலில் அவருடைய பட்டாலியன் கிடைத்தது. அட்டையில் ரெஜிமென்ட் மட்டும்தான் இருந்தது. வெள்ளிப் போர்ச் சின்னத்தின் பட்டியலிலும் அவர் இருந்தார். 1916 செப்டம்பரில் தொடங்கிய சின்னம் அது. உடல் தேறாது என்று விடுவிக்கப்பட்டவர்கள், 'இந்த ஆள் ஏன் போருக்குப் போகவில்லை' என்ற ஊர்ப் பேச்சிலிருந்து தப்பிக்கச் சட்டையில் குத்திக்கொண்டது. சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, காரணம். காரணக் கட்டத்தில் 'நோய்' என்ற ஒரே சொல்.

பட்டாலியன் இருந்தது வடக்கு கிரேக்கத்தின் சலோனிக்கா போர்முனையில். குண்டைவிட மலேரியா அதிகம் பேரைச் சாய்த்த இடம். கியூவுக்குப் போய்ப் பட்டாலியனின் போர் நாட்குறிப்புப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில்தான். இடம், தேதி, நேரம், நடந்தவை என்று கட்டம் போட்ட தாள்கள். எழுதிய அதிகாரி மற்ற அதிகாரிகளுக்குக் காய்ச்சல் வந்தால் பெயரோடு எழுதுகிறார். சிப்பாய்கள் 'மற்ற பதவியினர்', அவ்வளவுதான். 1917 கோடையில் ஒரு வரி: மற்ற பதவியினர் 14 பேர் மருத்துவமனைக்கு. அடுத்த வாரம் 9. அதற்கடுத்து 21.

அந்த 14 பேரில் ஸ்மித் இருந்தாரா? தேதிகள் பொருந்துகின்றன, சான்று இல்லை. என் குறிப்பேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்து ஓய்வூதிய அட்டைகளைப் பார்க்க வேண்டும். அவையும் அழிக்கப்பட இருந்து, வெஸ்டர்ன் ஃப்ரண்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு பொறுப்பேற்றுக் காப்பாற்றியவைதான்.

பதக்கத்தை இனி யாரும் பாலிஷ் போடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.