கிக், பேஸ், தப்பு: முதலில் ஃபேடரைச் சரிசெய்யுங்கள்

எலக்ட்ரானிக் பீட்டோடு தப்பு மேளத்தைச் சேர்க்கும் மிக்ஸ்கள் இலங்கை மலையகத்தில் நிறையவே வருகின்றன. பல மிக்ஸ்களில் குறை ஒன்றுதான்: ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரசர் (உரத்த ஒலியை அமுக்குவது) எல்லாம் போட்ட பிறகே ஒலியளவைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஒலியின் அளவையும் ஏற்றி இறக்கும் ஃபேடரில் சரியாகாத சமநிலையை அந்தப் பிளகின்கள் சரிசெய்யாது.

எல்லா ஃபேடரையும் இறக்கிவிட்டுக் கிக் டிரம்மை மட்டும் ஏற்றுங்கள். உச்சம் -10 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். பேஸை அதற்கு 3 டெசிபெல் கீழே தொடங்கிக் காதால் திருத்துங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் சைட்செயின் (கிக் விழும்போது பேஸைத் தானாகக் குறைக்கும் அமைப்பு) போடுங்கள். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) ஒரு அடி 469 மில்லிசெக்கன். பேஸ் மீண்டும் எழும் நேரமான ரிலீஸை 120 முதல் 150 மில்லிசெக்கனுக்குள் வைத்தால் அரை அடி வருவதற்குள் பேஸ் திரும்பிவிடும்.

தப்பில்தான் மீட்டர் ஏமாற்றும். மெல்லிய குச்சியின் அடி உச்சத்தில் பாயும், ஆனால் சராசரி ஒலி குறைவு. அதனால் மீட்டரைப் பார்த்து வைத்தால் தப்பு மிக்ஸுக்குள் அமுங்கிவிடும். கிக்கும் பேஸும் ஓடும்போதே தப்பின் ஃபேடரைச் சைபரிலிருந்து ஏற்றி, மெல்லிய குச்சியின் சொற்கட்டு பிரிந்து கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். தடித்த குச்சியின் அதிர்வு கிக்கோடு மோதும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்.

இன்னொன்று, நம் குளிரில் தோல் சீக்கிரம் தளரும். தீயில் காய்ச்சியவுடன் அடித்த அடி கூர்மையாகவும், கொஞ்ச நேரம் கழித்து அடித்தது மந்தமாகவும் பதிவாகும். ஒரே ஃபேடர் நிலை இரண்டுக்கும் பொருந்தாது. கம்ப்ரசருக்கு முன்பே துண்டு துண்டாகக் கிளிப் கெயினை (பதிவுத் துண்டின் ஒலியளவை) சமப்படுத்துங்கள். இது அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் கம்ப்ரசர் கூர்மையான அடிகளை மட்டும் நசுக்கும்.

அறையும் பொய் சொல்லும். 12 அடி நீளமுள்ள லயக் காம்பராவில் (தோட்டக் குடியிருப்பு வரிசையின் அறையில்) 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்வு விழும். நீளத்தின் நடுவில் உட்கார்ந்தால் அந்த ஒலி காணாமல் போகும், சுவரோரம் பெருத்துக் கேட்கும். பேஸில் தாழ்ந்த எஃப் ஷார்ப், ஜி சுரங்கள் மட்டும் மெலிந்தால் காரணம் இதுதான்; ஃபேடரைத் தொடாதீர்கள். முன்சுவரிலிருந்து நாலரை அடியில் காது இருக்கட்டும். ஹெட்ஃபோனிலும் ஒத்துப் பாருங்கள்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஹை-ஹேட் தாளத்தட்டின் அளவை முடிவு செய்யக் கூடாது. மழை இரைச்சல் மேல் அலைவரிசைகளை மறைப்பதால் கை தானாக ஹேட்டை ஏற்றும். மழை விட்டதும் அது காதைக் குத்தும். அட்டன் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மழை விடக் காத்திருக்க முடியாதுதான். அப்போது மூடிய ஹெட்ஃபோனில் பாருங்கள்.

மொத்த ஒலியைக் காட்டும் மாஸ்டர் மீட்டர் சிவந்தால் மாஸ்டர் ஃபேடரை இறக்காமல் எல்லாச் சேனல்களையும் ஒன்றாகப் பிடித்து 6 டெசிபெல் இறக்குங்கள். மாஸ்டரிங் என்ற இறுதி மெருகூட்டலுக்கு -6 டெசிபெல் உச்சம் போதும்.

முடிவில் ஸ்பீக்கரை மிகவும் குறைத்துக் கேளுங்கள். குரல், கிக், தப்பு மூன்றும் நிற்க வேண்டும். முதலில் மறைவதை 1 டெசிபெல் ஏற்றுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவில்லை என்று மட்டும் ஏற்றிவிடாதீர்கள், 50 ஹெர்ட்ஸை அது தராது. பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (மெல்லிய ஒலிச்சிதைவு) போட்டால் 150 ஹெர்ட்ஸுக்கு மேல் உருவாகும் ஹார்மோனிக்குகள் (அதே சுரத்தின் மேல் மடங்குகள்) சின்ன ஸ்பீக்கரிலும் அந்தச் சுரத்தைக் காட்டிக்கொடுக்கும்.